தாங்குமா என்றவனும் தாங்கும் என்றவனும்

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இன்னும் வேலைக்கு வந்து சேராத ஏகாம்பரத்துக்கு ஒரு மதர்போர்டின் படம் அனுப்பினேன். ஆவடியில் யாரோ விற்கிறார்கள்; சாக்கெட்டில் நாலு பின் வளைந்திருப்பதால் அடிமாட்டு விலை. "பார். ஆனா எனக்கு வயிறு கலங்குது" என்று கீழே எழுதியிருந்தேன். பதினோரு மணிக்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பார்த்துவிட்டான், இனி அவன் பாடு என்று வேலையைக் கவனிக்கப் போனேன். ஐந்து நிமிடத்தில் அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் மனைவி தேவகி. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றாள். என் செய்தியைத் திறந்தது அவன் இல்லை. என் எண்ணைத் தேடிய தேவகி.

இந்தக் குறிப்பை நம் பழைய சாமான் குழுவில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அவன் தேடிப் பிடித்த பிராசஸரோ போர்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. பலர் அவனை நேரில் பார்த்ததில்லை. காலமானவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை, எனக்கும் தெரியும். பதினான்கு வருடம் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவனை என்னால் அப்படி எழுத முடியவில்லை. அவனுக்கு நாற்பத்தாறு வயது. குளித்துவிட்டு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் எங்கள் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, அதைச் செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். பழைய, மலிவான பிராசஸரைப் பிடித்து, அதற்கு ஈடு கொடுக்கும் போர்டில் உட்கார வைத்து, வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினால் புதுசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏற்றும்போது சூடும் ஏறும். அளவு மீறினால் மெஷின் நின்றுபோகும், சில சமயம் செத்தே போகும். ஏற்றுவது ஏகாம்பரத்தின் வேலை. பக்கத்தில் நின்று "தாங்குமா? தாங்குமா?" என்று நச்சரிப்பது என் வேலை. அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "தாங்கும்" என்பான். நான் அந்தச் சொல்லைக் கேள்விக்குறி இல்லாமல் சொன்னதே கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். மற்றவர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். ஏகாம்பரம் அதை வேலைக்கு வைத்துக்கொண்டான். ஒரகடம் பக்கம் பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்துப் போடும் ஒரு கிடங்குக்கு என்னை இழுத்துக்கொண்டு போவான். போர்டை முகர்ந்து பார்ப்பான், கருகல் வாடை வருகிறதா என்று. கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவுவான். பிறகு என் பக்கம் திரும்புவான்.

"குமாரு, கலங்குதா?"

"கலங்குது."

"எப்பவும் கலங்குற மாதிரியா, இல்ல கூடவா?"

"கூட."

"அப்ப வேணாம்பா. கீழ வெச்சிடு."

கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார். என் வயிற்றைக் கேட்டு அவன் விட்டுவிட்டு வந்த போர்டுகள் உண்மையில் நல்லவையா கெட்டவையா என்று எங்களுக்குத் தெரியாது. அவன் அதைப் பற்றி ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை.

வளைந்த பின் அவனுக்குப் பொருட்டே இல்லை. சாக்கெட்டில் ஆயிரத்துக்கு மேல் பின்கள், மயிரிழை மாதிரி, வரிசை வரிசையாக. ஒன்று சாய்ந்தாலும் மற்றவர்கள் குப்பை என்று தள்ளிவிடுவார்கள். ஏகாம்பரம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். செவிலிமேட்டில் அவன் வீட்டு முன் கூடத்தில் இன்றைக்கும் அவன் அண்ணன் தறி ஓட்டுகிறார். புடவையில் இழை எண்ணுகிற சின்ன லென்ஸை சாக்கெட்டின் மேல் கவிழ்த்து, ஊசி முனையால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்துவான். அந்த அரை மணி நேரமும் நான் வெளியே போய்விடுவேன். என்னால் பார்க்க முடியாது. "உள்ள வாபா, ஆயிடுச்சு" என்று கூப்பிட்ட பிறகுதான் மூச்சு வரும்.

அவன் தப்பே செய்யாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை பல மாதம் அலைந்து ஒரு அருமையான பிராசஸரைப் பிடித்தான். அதை லேபுக்குக் கொண்டுவந்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஒரு அரக்குப் பட்டுத் துண்டு. சில்லைப் பட்டில் சுற்றி வைத்திருந்தான்! ஏசி ஓடும் அறையில், பட்டோடு உரசி உரசி வந்த சில்லை அதிலிருந்து உருவி எடுத்தான். விரல் பட்ட இடத்தில் சடக்கென்று பொறி தெறித்தது, எனக்கே கேட்டது. அதன் பிறகு அந்தப் பிராசஸர் எந்தப் போர்டிலும் எழுந்திருக்கவில்லை. உரசினால் பட்டில் மின்சாரம் ஏறும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அவனும்தான் படித்திருப்பான். "பட்டுல வெச்சா எதுவும் கெடாதுன்னு எங்க வீட்ல சொல்லிக்கினே இருப்பாங்கபா. நம்பிட்டேன்" என்றான். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கதையை அவனே லேப் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

இனி நாலு புள்ளி எட்டு விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் அவன் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். தேவகி கம்ப்யூட்டரில் புடவை டிசைன் வரைகிறவள். அந்த வீட்டுக்கு நிலையான வருமானம் அவளுடைய மெஷின்தான். கிடங்கில் எடுத்த போர்டு, யாரோ வேண்டாமென்று விற்ற பிராசஸர் இரண்டையும் சேர்த்து அவளுக்கு ஒன்று கட்டிக் கொடுத்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை நாலு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினான்.

"விளையாட்டு மெஷின்னா பரவாயில்ல ஏகா. அவங்க பொழப்பு இதுல இருக்குது. இறக்கிடு."

"பயப்படறதுக்கு நீ இருக்கிற, ஓட்டறதுக்கு நான் இருக்கிறேன். போய் டீ குடிபா" என்றான்.

கோபத்தில் டீ குடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு வாரம் ஒரு முறையாவது கேட்பேன். "இன்னும் நாலு எட்டா?" "நாலு எட்டுதான்" என்று கண்ணடிப்பான். அன்று இரவெல்லாம் எனக்கு அந்த மெஷின்தான் கண்ணில் நிற்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது தேவகி ஒன்று சொன்னாள். அவன் ஒரு வருடமாக நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாருண்ணா. குமாருக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டான்னு சொன்னாரு." ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த நான், அவனுக்காக ஒரு நாளும் பயப்படவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவன் போய் இரண்டு மாதம் இருக்கும். தேவகி மறுபடி கூப்பிட்டாள். மெஷின் பத்து நிமிடம் ஓடுகிறது, பட்டென்று அணைந்துவிடுகிறது. "திங்கக்கிழமைக்குள்ள ஒரு கல்யாணப் புடவை டிசைன் தரணும்ணா. பாவு நூல ஏத்திட்டு தறி சும்மா நிக்குது. இது கைய விட்டுப் போச்சுன்னா அவங்க வேற ஆள் பாத்துப்பாங்க. வரைஞ்சதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது." எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாலு புள்ளி எட்டு. இரண்டு வருடம் வெந்து, பிராசஸர் சாகப் போகிறது.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். தேவகி தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் மாலை போட்ட அவன் படத்துக்கு முன் நின்று, "அன்னிக்கே சொன்னேனே, கேட்டியா?" என்று வாய்விட்டே கேட்டேன். செத்தவனிடம் சண்டை போடுகிறவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு பயம். அந்தப் பெட்டியை நான் தனியாகத் திறந்ததே இல்லை. நான் கைவைத்து அது ஒரேயடியாகப் போய்விட்டால் தேவகி முகத்தில் எப்படி விழிப்பது? நாலு ஸ்க்ரூவைக் கழற்ற ஒரு யுகம் ஆயிற்று.

பக்கவாட்டுத் தகட்டை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்து. மேலே அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. கீழே இரண்டு வரி.

"4.8 தாங்குது. 4.5-ல வெச்சிட்டேன், குமாரு பயப்படுறான்."

தேதியை மறுபடி பார்த்தேன். நான் கோபித்துக்கொண்டு கிளம்பிய அன்றைக்கே இறக்கிவிட்டிருக்கிறான். இரண்டு வருடம் "நாலு எட்டுதான்" என்று கண்ணடித்ததெல்லாம் விளையாட்டு. மெஷினைப் போட்டு செட்டிங்ஸில் பார்த்தேன். நாலு புள்ளி ஐந்துதான்.

அப்படியென்றால் ஏன் அணைகிறது? டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசஸரின் மேல் இருக்கும் விசிறிக்குக் கீழே, சூடு தணிக்கும் தகடுகளுக்கு நடுவில், காற்றுப் போக வழியே இல்லாமல் பட்டுத் தூசு அடைத்திருந்தது. முன் கூடத்துத் தறியிலிருந்து பறந்து வந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கொஞ்சம் பச்சை. இந்த இரண்டு மாதத்தில் அவன் அண்ணன் என்னென்ன நிறத்தில் நெய்தார் என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

தண்ணீரோடு வந்த தேவகி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அமாவாசைக்கு அமாவாசை அவருதாண்ணா தொடைப்பாரு. அன்னிக்கு தறிக்கு லீவாச்சே, தூசு பறக்காதுன்னு பொட்டியத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்துடுவாரு. ரெண்டு அமாவாசை போயிடுச்சு. எனக்குத் தோணவே இல்ல."

எனக்கும் தோன்றவில்லை. அமாவாசையன்று மட்டும் அவன் ஏன் லேபுக்கு அரை நாள் லீவு போடுவான் என்று நான் கேட்டதே இல்லை. விரதம் என்று நினைத்திருந்தேன்.

அவன் வைத்திருந்த பெயிண்ட் பிரஷ் டிசைன் மேஜை இழுப்பறையில் இருந்தது. தகடு தகடாகத் தட்டித் துடைத்தேன். இந்த முறை வெளியே எழுந்து போகவில்லை, போனால் கூப்பிட ஆளில்லை. பெட்டியை மூடி மெஷினைப் போட்டோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒரு மணி நேரம். தேவகி அந்தப் புடவையின் முந்தானையைத் திறந்து வரைய ஆரம்பித்தாள். வரைந்துகொண்டே கேட்டாள்.

"பயமா இருக்குதுண்ணா. வேகத்த இன்னும் கொறச்சிடலாமா? தாங்குமா?"

வயிறு கலங்கத்தான் செய்தது. எப்பவும் கலங்குகிற அளவுதான், கூட இல்லை.

"வேணாம்மா," என்றேன். "தாங்கும்."

சீட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். என் பயத்துக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருவன் காது கொடுத்தான், அதற்கு அத்தாட்சி அது. பிரஷ்ஷை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் மேஜையில் இருக்கிறது. காலண்டரில் வரும் அமாவாசையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அரை நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.