லூர்து அக்காவின் மீன்பெட்டித் தோட்டம்

அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் தண்ணீர் வண்டி முருகேசன் அண்ணாச்சி. நான் நாசரேத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். மத்தியானம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "யம்மா, லூர்தக்கா போயிட்டாங்க. வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டும்போது நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்கதான். கீழ் வீட்ல இருக்கிய, ஒங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுல்லா," என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இந்த மனிதரின் வாயிலிருந்தா இதைக் கேட்க வேண்டும் என்ற பயம்.

முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் அக்காவைப் பற்றி நாலு வரியாவது எழுதிவிட்டீர்கள். நான் மட்டும் ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முத்தையாபுரத்தில் அக்காவின் கீழ் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது பாப்பா என் வயிற்றில் இருந்தாள். மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்காவுக்குப் பெட்டி கட்டும் இடத்தில் வேலை. விளிம்பு உடைந்த தெர்மாகோல் பெட்டிகளை அங்கே தூக்கிப்போடுவார்கள். அக்கா அவற்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, பெட்டில மீனா?" என்று கேட்டால், "தக்காளிடே, இன்னும் மொளைக்கல," என்பார்.

மாடி முற்றத்தில் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, எட்டுத் தொட்டிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு பெட்டிகள். அடியில் இருப்பதில் தண்ணீர், மேலே இருப்பதில் மண். மேல்பெட்டியில் துளையிட்டு, பழைய வேட்டித் துணியைத் திரியாக முறுக்கித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருப்பார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணுக்குத் தண்ணீர் ஏறும். ஓரத்தில் அடிப்பெட்டிவரை செருகியிருக்கும் குழாய் வழியாக வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற நம் பக்கத்தில், அண்ணாச்சி வண்டியில் கொண்டுவரும் நல்ல தண்ணீரைச் சிந்தாமல் செடி வளர்க்க அக்கா கண்ட வழி அது.

பாப்பா சாப்பிட மறுத்தால் நான் விடமாட்டேன். ஒருநாள் நான் வம்படியாக ஊட்டுவதையும் அவள் அலறுவதையும் கேட்டு மேலிருந்து சத்தம் வந்தது. "ஏளா, அந்தப் பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துத? என் கத்தரிக்கு நானா ஊட்டுதேன்? பக்கத்துல வச்சுட்டு நீ தள்ளி நில்லு. வேணும்னா அதுவே எடுத்துக்கிடும்." சிரித்தேன். ஆனால் தள்ளி நிற்க எனக்கு வரவில்லை.

மழைக்காலத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லா வாட்ஸ்அப்பிலும் டெங்கு என்றே பேச்சு. துணி காயப்போட மாடிக்குப் போனவள், ஒரு குழாயின் வாயில் அக்கா கட்டியிருந்த வலைத்துணி கிழிந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே கொசுப்புழு நெளிந்தது. அக்காவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு துணி கட்டியிருப்பார். வாடகைக்கு இருப்பவள் குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குத் தயக்கம். உப்பு போட்டால் புழு சாகும் என்று போனில் படித்தேன். அக்கா வேலைக்குப் போயிருந்தபோது எட்டுக் குழாய்களிலும் வலைத்துணியை விலக்கி மும்மூன்று கைப்பிடி கல்லுப்பைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். செடிகளை நினைக்கவே இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. வெறும் சளிக்காய்ச்சல்தான்.

சாதாரணத் தொட்டி என்றால் உப்பு கழுவிக்கொண்டு ஓடிவிடும். இதில் அது போவதற்கு இடமில்லை. திரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் கருகின, பூவெல்லாம் உதிர்ந்தது. அக்கா ஒரு பெட்டியைத் தூக்கி, அடித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வண்டியிலிருந்து பிடித்துவைத்த தண்ணீர் அதற்குள் தீர்ந்திருந்தது, அதை ருசி பார்க்க வழியில்லை. அடுத்த முறை வண்டி வந்தபோது தெருவிலேயே மறித்தார்.

"போன தடவ போர் தண்ணிய நல்ல தண்ணின்னு யாருக்கு ஊத்துனீரு?"

"யக்கா, எம்பிள்ளைக மேல சத்தியம். நல்ல தண்ணிதான்."

"பிள்ளைகள எதுக்கு இழுக்கீரு? அப்ப என் நாக்குப் பொய் சொல்லுதா?"

நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அக்கா அவரிடம் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்களும் பலர் நிறுத்தினீர்கள்.

மண்ணை அலசிக் காயவைத்து அக்கா மறுபடி நட்டார். முதல் தக்காளியைப் பாப்பாவுக்கென்று கொண்டுவந்து தந்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "என்னளா, என்னமோ சொல்ல வந்து முழுங்குத?"

"ஒண்ணுமில்லக்கா. பிள்ளைக்குக் காரமா இருக்குமோன்னு..."

"தக்காளிக்கு என்னளா காரம்? காலேஜ்ல இதத்தான் சொல்லித் தந்தாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார். அதுதான் உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம்.

அடக்கத்தன்று நான் வந்து சேர்ந்தபோது வாசலில் அண்ணாச்சியின் வண்டி நின்றது. யாரும் கூப்பிடவில்லையாம். வந்தவர்கள் கைகால் கழுவ ட்ரம்களை நிரப்பிக்கொண்டிருந்தார். யாரோ கேட்டதற்கு, "அக்காவுக்கு என்மேல கோவம். எனக்கு அவங்கமேல என்ன இருக்கு?" என்றார். நான் உள்ளே போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டிப் படியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா பதறத்தாம்மா செய்யும். உப்புப் போட்டதுல எனக்கு ஒண்ணுமில்ல. அக்கா இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. நான் ஏமாத்துக்காரன்னு நெனச்சுக்கிட்டேல்லா போயிட்டாங்க." தெருவுக்கே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் இதைப் படிக்கும் தெருக்காரர்களே, அண்ணாச்சியின் தண்ணீர் அன்றைக்கும் நல்ல தண்ணீர்தான். அவரிடம் மறுபடி வாங்குங்கள். லூர்து அக்காவின் நாக்கும் பொய் சொல்லவில்லை. உப்பு என்னுடையது.

அக்காவின் தங்கை என்னை ஒரு தொட்டியாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: அன்று தெருவில் அவர் அண்ணாச்சியிடம் காட்டிய அந்தக் கோபம். அது என்மேல் பட்டிருக்க வேண்டியது. தாமதமாகவாவது அதை நான் வாங்கிக்கொள்கிறேன், அக்கா.