மனையியலுக்கு ஒரு கடன்

போடியில் வங்கி மேலாளராக இருந்தபோது நான் செய்த பிழைகளில் ஒன்றை மட்டும் ஒருவர் நேரில் வந்து திருத்தினார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண் அவர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. எந்தத் தாளைத் தொடும் முன்பும் கையை அந்தச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

மகளின் மனையியல் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்டு வந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“சோறு பொங்கப் படிக்க எதுக்கும்மா கடன்? எப்படித் திருப்பிக் கட்டுவா?”

“குடும்ப வரவு செலவு, கடைக்காரன் ஏமாத்துனா கேக்குற சட்டம், எல்லாம் அதுல இருக்காம் சார். ஏலக்காயத் தட்டுல கொட்டிப் பாக்காம யாராச்சும் வெல சொல்லுவாகளா? எம்மகளப் பாக்காமலே தள்ளுறீகளே.”

மறுத்து எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளோடு மதுரைக்குப் போய் மேலதிகாரியிடம் உத்தரவு வாங்கி வந்தார். நானே கையெழுத்திட நேர்ந்தது.

சில ஆண்டுகள் கழித்து, தவணை முடியும் முன்பே கடனை அடைக்க வந்தார். மகள் கோவையில், கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தாள். கேட்டதும் எனக்கு முகம் சுட்டது.

“சம்பளம் எவ்வளவும்மா?”

“ஒங்க சம்பளத்த இன்னும் தொடல சார். எங்க கங்காணியத் தாண்டிட்டா!” என்று அறை அதிரச் சிரித்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“சின்னவளுக்கும் அதே படிப்புத்தான். கடன் பாரத்தக் கொண்டாங்க சார், வெரசா. தோட்டத்து ஜீப்பு போயிரும்.”

மன்னிப்பை நான் கடைசிவரை கேட்கவில்லை. பாரத்தை மட்டும் எழுந்து நின்று கொடுத்தேன்.