மூளிக்காதும் தாய்மாமன் மடியும்

என் அக்கா டெக்சாஸ் பேர்லேண்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பம் நடத்துகிறாள். புது மின்சாரக் காரைக்கூட சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் ஓட்டினாள். அந்த வீட்டுச் சட்டப்படி, அவள் மகளுக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு இருப்பதோ ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும்.

நானும் கலிஃபோர்னியா சான் ரமோனிலிருந்து வருஷத்துக்கு ஒரு சாக்கு சொல்லிவந்தேன். ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், அப்புறம் கிரீன் கார்டு, அப்புறம் முதுகுவலி. குழந்தைக்கு ஒன்பது வயதாகிவிட்டது. வகுப்பில் அவள் தோழிகள் எல்லோரும் தோடு போட்டிருக்க, இவள் மட்டும் மூளிக்காதோடு போய்வந்தாள். மாலில் ஐந்து நிமிடத்தில் குத்திவிடுவார்கள். அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

"வீடியோ கால்ல நான் உக்காந்தா போதாதா?" என்றேன்.

"மடிய எப்படிடா வீடியோல அனுப்புவ?"

குழந்தை போனைப் பிடுங்கினாள். "மாமா, ஆர் யூ கமிங் ஆர் நாட்? நெக்ஸ்ட் வீக் ஸ்கூல்ல பிக்சர் டே!"

அவள் குரல் உடைந்திருந்தது. அன்றே டிக்கெட் எடுத்தேன்.

விருந்தாளிகள் நிறைந்த அக்கா வீட்டு ஹாலில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தேன். பட்டுப்பாவாடையில் மருமகள் மடியேறினாள். கால் தரையில் இடித்தது. பக்கத்து வீட்டு டாக்டர் ஆன்ட்டி பெட்டியைத் திறந்தார். முதல் காதில் ஊசி இறங்கியதும் "அம்மா!" என்று ஓர் அலறல். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். கத்தியது நான். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி எழுந்துக்கட்டும். இன்னொரு காத சேர்லயே உக்கார வச்சு முடிச்சிடலாம்," என்றார் ஆன்ட்டி.

"ஒரு காது மடில, ஒரு காது சேர்லயா? நல்லா இருக்கே!" என்றாள் அக்கா.

எனக்குப் பின்னால் வந்து நின்றாள். சின்ன வயதில் தடுப்பூசி போடும்போதெல்லாம் செய்வதுபோல என் கண்ணைப் பொத்தினாள்.

"பாக்காதடா. நான் இருக்கேன்ல."

கையில் சந்தன வாசனை. இத்தனை வயதுக்கு மேல் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது.

"மாமா, யூ ஓகே?" என்றது மடியிலிருந்து ஒரு குரல்.

"ம்."

க்ளிக் என்று தோடு பூட்டும் சத்தம். இந்த முறை நான் கத்தவில்லை. ஹாலே கைதட்டியது. அக்கா மட்டும் தட்டவில்லை. அவள் கை இன்னும் என் கண்மேல் இருந்தது.