மாடியில் ஒரு விமான நிலையம்

2001 டிசம்பர் 14: ஆட்குறைப்பு. கையில் வந்தது ரூ. 41,300.
2002 மார்ச் 4: ஆரணியில் மாடி அறை. முன்பணம் ரூ. 5,000.
2002 மார்ச் 18: ‘விமான நிலையப் பணிப் பயிற்சி மையம்’, பெயர்ப்பலகை. ரூ. 850.

“பல்லு தெரியணும், ஈறு தெரியக்கூடாது. ம்... சிரிங்க!”

காலை ஒன்பதுக்கு லோகநாதன் கைதட்டினால் மாடியில் எட்டுப் பேர் சுவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கீழே பட்டுப்புடவைக் கடையில் விலை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடைபோட்டு அடையாளச் சீட்டு மாட்டும் ஒப்பந்த நிறுவனத்தில் பதினோரு வருடம் இருந்தவர். ஆள் அதிகம் என்று அனுப்பியபோது நிறுவனம் ஆளுக்கொரு சூட்கேஸ் பரிசளித்தது. “பெட்டியக் கட்டிகினு கெளம்புன்னு பெட்டியும் அவனே குடுத்தான் சார்” என்பார். பயிற்சிக்கும் அந்தப் பெட்டிதான். உள்ளே செங்கல். பழைய மண்டித் தராசில் ஏறி இறங்கி அதன் சக்கரம் ஒன்று போய்விட்டது.

மூன்று மாதப் பயிற்சி. சான்றிதழ் உண்டு, வேலைதான் இல்லை. அவரையே வேண்டாமென்றவர்கள் அவருடைய மாணவர்களை எடுப்பார்களா என்று நெசவுக்காரப் பெற்றோர் யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டில் ஒருவனுக்கு வேலை கிடைத்தது, கீழே புடவைக் கடையில். சிரிப்பு நன்றாக இருந்ததாம்.

2006-இல் விமானங்கள் பெருகின. கவுன்டரில் பயணிகளின் பெட்டியை வாங்கி எடைபோட ஆளில்லை. வரிசை வாசலுக்கு வெளியே நிற்கிறது என்று செய்தித்தாளில் வந்ததை வகுப்பில் உரக்கப் படித்தார்.

“ஆறு கவுன்டருக்கு ரெண்டு பேர் உக்காந்துகினு இருக்கானுங்களாம். என்னா பேஜாரு! என்னைய அனுப்ச்சீங்க இல்ல, அனுபவிங்கடா!”

“கூப்ட்டா போவீங்களா சார்?” என்றாள் மாணவி காவ்யா.

“கால்ல வுழுந்தாலும் போவமாட்டேன்.”

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார். தபால்காரர் தெருமுனை திரும்பும் நேரம் அது. ஆணியில் தொங்கிய பழைய சீருடைச் சட்டைக்கு வாரம் ஒருமுறை இஸ்திரி உண்டு.

கூப்பிட்டார்கள். கடிதத்தைக் காவ்யாதான் படித்தாள். புதிய ஆளாகச் சேரலாம். ஏதேனும் ஒரு மையத்தில் பயிற்சி பெற்ற சான்றிதழ் கட்டாயம். இக்கடிதம் கிடைக்கும் நாளுக்கு முன்பே பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

“பதினோரு வருசம் பாத்த வேலைக்கு உங்களுக்கே ட்ரெய்னிங்கா சார்?” காவ்யாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஈறு தெரியுது” என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுச் சான்றிதழ் ஒன்றை எடுத்து, மாணவர் பெயர் என்ற இடத்தில் லோகநாதன் என்று எழுதினார். தேர்ச்சி: நன்று. ‘மிக நன்று’ அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. முதல்வர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு, ஊதிக் காயவைத்து, தேதி போட்டார்: 2006 ஆகஸ்ட் 7.

கடிதம் வந்தது ஆகஸ்ட் 8.