குலை தள்ளிய வாழையின் இலைகள்

கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. வந்த புதிதில் புறவாசலில் ஒரு வாழை நட்டேன். தெருவில் வேறு யார் வீட்டிலும் வாழை இல்லாததால், அமாவாசைப் படையலுக்கும் விரதத்துக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இலை கேட்டு வந்தவர்களை இல்லையென்று அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. எனக்கோ நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. கேட்டவர்களெல்லாம் இலையை அறுத்துக்கொண்டு போக, முதல் குலையில் காய்கள் சூம்பிப் போயின.

"அடுத்த தாரும் இப்படித்தான்னா மரத்தத் தோண்டிப் போட்டுட்டு அங்கன பாத்ரூம் கட்டிருவேன்" என்றார் வீட்டுக்காரர்.

பக்கக்கன்று வளர்ந்து குலை தள்ளியபோது, பத்தாம் வகுப்பில் பார்த்த சோதனை நினைவுக்கு வந்தது. செடியில் இருந்த இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி வைத்து, பிறகு பறித்து, ஸ்பிரிட்டில் வேகவைத்து அயோடின் விட்டார் ஆசிரியை. வெயில் பட்ட இடம் கருநீலமானது. அங்கே மாவுச்சத்து இருந்தது. மூடிய இடத்தில் இல்லை. மண்ணும் தண்ணீரும் மட்டும் போதாது, இலை வெயிலில் நின்று சமைப்பதுதான் காய்க்குள் போய்ச் சேருகிறது. குலை தள்ளிய வாழை புது இலையும் விடாது. இருக்கிற இலையில் ஒன்றைக்கூட அறுக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பெரியம்மா அரிவாளோடு வந்தார்கள்.

"ஏட்டி, மூணு எலை அறுத்துக்கிடுதேன்."

"வேண்டாம் பெரியம்மா. தார் போட்டிருக்கு. எலைய அறுத்தா காய் பெருக்காது."

"வேர்ல தண்ணி ஊத்துத, காய் தானா பெருக்கும். எலை என்னத்தச் செய்யுது, சும்மா ஆடிக்கிட்டு நிக்குது!"

"அதான் பெரியம்மா சமையலே செய்யுது. அடுப்ப உருவிட்டா சோறு எங்க வேகும்?"

"ஆத்தாடி! செத்தவுகளுக்குப் படைக்க எலை இல்லங்கா. பத்தாங்கிளாஸ் படிச்ச திமிரு!"

இலை அறுக்காமலே திரும்பிப் போனார்கள். ஆனாலும் படையலுக்கு இலையில்லாமல் விட மனசில்லை. விடிந்ததும் மார்க்கெட்டுக்கு நடந்துபோய் இலை வாங்கிவந்து அவர்கள் வாசலில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதன் பிறகு யார் கேட்டாலும் கடை இலைதான்.

"வீட்டுல மரத்த வச்சுக்கிட்டு கடையில எலை வாங்குறா பாரு" என்று குழாயடியில் சிரித்தார்கள்.

வீட்டுக்காரரும், "ஒனக்கு ஏன் இம்புட்டு வீம்பு?" என்றார்.

"தார் முத்தட்டும், பொறவு பேசுவோம்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் தாரை வெட்டினோம். காய்கள் விளிம்பு மறைந்து திரண்டிருந்தன. அவர் தோளில் ஏற்ற நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது. பெரியம்மா ஒரு காயை அமுக்கிப் பார்த்தார்கள்.

"காவக்காத்தே காய்க்க வச்சுட்டாளே மகராசி! ஒரு சீப்பு இங்கிட்டுத் தா."

பாத்ரூமுக்கு வீட்டுக்காரர் புறவாசலின் மறு மூலையில் அஸ்திவார வானம் தோண்டினார்.