அண்ணன் டிராக்டரை மாத்தலாமா, வேண்டாமா?

சென்ற மாதம் ஒரு காலை நேரம். அடுப்பில் பால் பொங்கப் போகிற சமயமாகப் பார்த்து அண்ணன் போன் செய்தார்.

"ஏட்டி வசந்தி, வண்டி தொழிக்குள்ள நின்னு போச்சு. நீ கொஞ்சம் வா."

அண்ணனுக்கு வ. புதுப்பட்டியில் நெல் வயல். தொழி என்றால் உழவுச் சேறு, வண்டி என்றால் டிராக்டர். அது நின்றுபோனால் மெக்கானிக்கைத்தானே கூப்பிட வேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து வாரா வாரம் பத்தி எழுதுகிற தங்கையை எதற்கு?

"நான் வந்து தள்ளணுமாண்ணே?"

"தள்ள வேண்டாம். சரி பண்ணவா, குடுத்துட்டுப் புதுசு எடுக்கவான்னு ஒரு முடிவைச் சொல்லு. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுதேல்ல?"

வாசகர்களே, எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? எனக்கு ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் போனேன்.

வயலில் சேறு முழங்கால் அளவுக்குக் கிடந்தது. நடுவே டிராக்டர், இரும்புச் சக்கரம் பாதி புதைந்தபடி நின்றது. அண்ணன் ஏறி ஸ்டார்ட் செய்து காட்டினார். உறுமியது, புகை விட்டது... ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது.

"கிளட்ச் பிளேட்டு. இந்த ஒரு வருசத்துல இது மூணாவது. அதான் சொல்றேன், வண்டிக்கு வயசாயிப் போச்சு."

வரப்பில் நின்ற மதினிக்கு முகமே சரியில்லை. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நாற்றங்காலில் நாற்று தயாராக நிற்கிறது. இன்னும் ஐந்து நாளுக்குள் நடாவிட்டால் முற்றிப்போகும். வாடகைக்கு வண்டி கேட்கலாம் என்றால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் உழவு... யார் தருவார்கள்?

"புது வண்டிக்கு வீட்டுப் பத்திரத்தைத்தான் வைக்கணும். எனக்கு இஷ்டமில்ல வசந்தி," என்றார் மதினி.

"பழசைக் கட்டிக்கிட்டு அழணுமாக்கும்?" என்றார் அண்ணன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிராக்டரைப் பார்த்தேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே குழப்பம். காலையில் மதினி பேச்சு நியாயமாகப் பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் பேச்சு நியாயமாகப் பட்டது. பக்கத்து வயல்காரர் வந்து, "இரும்புக்கும் ஆயுசு உண்டும்லா? தள்ளி விட்டுருங்க," என்றார். நானும் தலையாட்டினேன். போகிற போக்கில் அவரே, "ஆனா இப்ப வாரதெல்லாம் தகரம், பாத்துக்கிடுங்க," என்றார். அதற்கும் தலையாட்டினேன்!

மறுநாள் டிராக்டரை ஆள் விட்டுச் சேற்றிலிருந்து வெளியே இழுத்து, ஒரு லாரியில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனோம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பார்வை, ஷோரூமில் ஒரு பார்வை, பிறகு முடிவு என்பது ஏற்பாடு. ஒர்க்‌ஷாப் யோவான் அண்ணாச்சியுடையது. அவர் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரிச்சுப் பாத்துதான் சொல்ல முடியும். செத்த நேரம் ஆகும்," என்றார்.

அந்த நேரத்தில் ஷோரூமுக்குப் போனோம். பளபளவென்று ஒரு புது டிராக்டர். விற்பனைக்கு நின்ற தம்பி, "ஏறி உக்காருங்க சார், சும்மா பாருங்க," என்றார். அண்ணன் கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். ஸ்டீரிங்கைத் தொடவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை. முதலில் கிளட்ச்சை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார்.

"பஞ்சு மாதிரி இருக்குட்டி!"

அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். நான் உடனே புது வண்டிக் கட்சிக்கு மாறிவிட்டேன். மனுஷன் இத்தனை வருஷம் உழைத்திருக்கிறார், ஒரு வண்டி வாங்கினால் என்ன? மதினி மட்டும் அண்ணன் இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினால், டிராக்டர் இரண்டாகக் கிடந்தது! இன்ஜின் ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். யோவான் அண்ணாச்சி கையில் கிளட்ச் பிளேட்டுடன் வந்தார். அதை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"இன்ஜின்ல குறையில்ல. இன்னும் நாலஞ்சு வருசம் தாராளமா ஓடும். ஆயில் ஒழுகியிருந்தா பிளேட்டு பிசுபிசுன்னு இருக்கும். இது காஞ்சு கருகியிருக்கு."

"அப்ப எதுனால கருகுது?" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். அண்ணனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. கிளட்ச்ச முழுசா அமுக்காம, முழுசா விடாம பாதியிலயே வச்சு ஓட்டுனாதான் இப்படி ஆகும். ஒங்களுக்கு இடது கால்ல வலி ஏதும் உண்டுமா?"

அண்ணன் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒரு அழுக்கும் இல்லை.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் கடைசியில்.

"பொறவு தெனமும் எண்ணெய் தேய்க்கிறது யாரு காலுக்காம்?" என்றார் மதினி. கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "எங்கிட்டகூடச் சொல்லலியே நீங்க?"

எதிரே இருந்த டீக்கடைக்கு அண்ணனை அழைத்துப் போனேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"மொழங்கால் மடங்க மாட்டேங்குதுட்டி. ஒரு வருசமாச்சு. அந்தக் கிளட்ச்ச அமுக்குனா உசுரு போகுது."

"சொல்ல வேண்டியதுதானேண்ணே?"

"வண்டிக்கு வயசாயிப் போச்சுன்னு சொல்றது லேசா இருந்துச்சு."

ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொன்று சொன்னேன்.

சரி, டிராக்டர் குழப்பம் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியைச் சரி செய்தால்... ஓட்டுவது யார்? இந்தக் காலால் அண்ணன் ஓட்டினால் நாலாவது பிளேட்டும் கருகும். புது வண்டியே வாங்கினாலும் வலி ஒரே நாளில் போய்விடுமா? டிரைவர் கிடைப்பதோ குதிரைக் கொம்பு.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி இதைப் பேசியபோது, "நான் ஓட்டுதேன்," என்றார் மதினி.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மதினி களத்தில் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவார், நெல் மூட்டையோடு டிரெய்லரை வீடுவரை கொண்டுவந்திருக்கிறார். ஆனால் சேற்று உழவு வேறு.

"வெளையாட்டா ஒனக்கு? தொழிக்குள்ள முன்பக்கம் தூக்கிரும். கவுந்துச்சுன்னா அம்புட்டுதான்."

"தூக்குனா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க. ஒங்களுக்கு மட்டும் ஆரம்பத்துல தெரிஞ்சா இருந்துச்சு?"

யோவான் அண்ணாச்சி இடையில் புகுந்தார். "பழைய வண்டிக்கும் பவர் ஸ்டீரிங் மாட்டலாம் மதினி. கிளட்ச்சயும் லேசா வச்சுத் தாரேன். நீங்க தாராளமா ஓட்டலாம்." வேலை முடிய மூன்று நாள் கேட்டார். இரும்பைப் பற்றிப் பேசும்போது இருந்த தெளிவு அந்த மனிதரிடம் மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் இருந்தது. எனக்குத்தான் இரண்டிலும் இல்லை.

நாலாம் நாள் மதினி வயலில் இறங்கினார். சேலைக்கு மேல் அண்ணனின் சட்டை. அண்ணன் வரப்பில், நான் அவர் பக்கத்தில். முதல் இரண்டு சுற்று நன்றாகப் போனது. வளைவுகள் கோணல்மாணல்தான், ஆனால் போனது. மூன்றாவது சுற்றில் ஒரு பள்ளம். பின்சக்கரம் இறங்கியது. முன்சக்கரங்கள் இரண்டும் மெல்ல... மெல்ல மேலே எழும்பின.

அண்ணன் முழங்காலை மறந்துவிட்டுச் சேற்றுக்குள் ஓடினார்.

"கிளட்ச்ச அமுக்குட்டி! அமுக்கு!"

அவர் சொல்வதற்குள் மதினி அமுக்கியிருந்தார். முழுசாக, ஒரே மிதி. முன்சக்கரங்கள் தொப்பென்று சேற்றில் விழுந்தன. அண்ணனும் விழுந்தார், குப்புற!

மதினி இன்ஜினை அணைத்தார். நழுவிய சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க மொதல்ல கரைக்குப் போங்க. ஒங்கள உழுதுறப் போறேன்," என்றார்.

சேறு அப்பிய முகத்தோடு அண்ணன் சிரித்தார். வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். மறுநாள் மாலைக்குள் அந்த வயல் முடிந்தது. நாற்று லேசாக முற்றியிருந்தது, ஆனாலும் நட்டுவிட்டார்கள்.

அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனோம். முழங்கால் மூட்டை மாற்றவெல்லாம் இப்போது வேண்டாம், உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார் டாக்டர். அண்ணனும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறார். மற்ற நேரமெல்லாம் வரப்பில் அலைகிறார். உழவு நடக்கிறது, ஆனால் உழுவது அவரில்லை. இதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

நேற்று போயிருந்தேன். மதினி அடுத்த வயலை உழுதுகொண்டிருந்தார். அண்ணன் வரப்போரமாகவே நடந்து, "வலது பக்கம் ஒடி! கியரக் கொற! ஏட்டி, பள்ளம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன். "மதினி, அண்ணன் அம்புட்டுக் கத்துறாரே... ஒண்ணுமே கேக்கலியா?"

"இன்ஜின் சத்தத்துல எங்க கேக்குது?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார் மதினி. "கல்யாணம் ஆன நாளா இப்படி ஒரு நிம்மதி இல்ல வசந்தி!"