இடது முழங்காலும் இன்னொரு ரைடும்

பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போனேன். ஓரத்தில் நின்றவளைத் தொட்டேன். திரும்புவதற்காக இடது காலை ஊன்றினேன். உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. ரப்பர் விரிப்பில் ஷூ ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே ஏதோ அறுபடும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. நடுக்கோட்டைத் தாண்டிக் கையை வைத்த பிறகுதான் விழுந்தேன். அந்தப் புள்ளி எங்களுக்குத்தான்.

நான் கபடியில் ரைடர். எதிரணிக்குள் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருகிறவள். ஜவ்வாது மலையில் மண் தரையில் ஆடிப் பழகி, சம்பளத்துக்கு ஆடப் போனேன். நட்சத்திர ஆட்டக்காரி இல்லை. ஓர் அணியின் முக்கிய ரைடருக்கு அடிபட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் தேறி வந்ததும் அனுப்பிவிடுவார்கள். சேலம், ஈரோடு, மதுரை, ஒரு பருவம் ஆந்திராவில்கூட ஆடினேன். என் இடம் எப்போதும் இன்னொருத்தியின் காயத்தில்தான் இருந்தது. இந்த முறை என் காயத்தில் வேறொருத்திக்கு இடம் கிடைத்தது. மேலாளர் போனில், "கால் சரியாகட்டும், பாக்கலாம்மா" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பழகிய சொல். அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தது. தொடையிலிருந்து நார் எடுத்து முழங்காலில் பொருத்த வேண்டும் என்றார் மருத்துவர். என் வயதுப் பெண்தான். எதையும் மறைக்கவில்லை. நடக்கலாம், வேலை செய்யலாம், ஆட்டத்துக்கு மட்டும் உறுதி தர முடியாது என்றார்.

"நடக்கறதுக்கு மட்டும்னா ஆபரேஷனே வேணாங்க மேடம்," என்றேன். "ஆடறதுக்குத்தான் வந்துகிறேன்."

அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். "அப்ப பிசியோதெரபியில அழக் கூடாது," என்றார்.

அழுதேன். இதே காயத்தோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், அழலாம். ஆனால் போகாமல் இருக்கக் கூடாது. கத்தி வைப்பதைவிட, மடங்காத காலை மடக்குவதுதான் பெரிய வேலை. தொடைச் சதை கரைந்து, கால் யாருடையதோ போல இருந்தது. என் கணவர் முருகன் பிசியோதெரபிக்காகப் பைக்கில் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போவார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் என் முழங்கால் எனக்குச் சொல்லும். வீட்டில் சாமை நிரப்பிய துணிப்பையைக் கணுக்காலில் கட்டித் தூக்கினேன். மேடேறுவது எளிது, இறங்குவதுதான் பயம். அதனால் இறங்கிக்கொண்டே இருந்தேன்.

பிள்ளை பெற்றுக்கொள்கிற வயதில் இவளுக்கு எதற்கு ஆட்டம் என்று ஊரில் பேசினார்கள். நொண்டியானால் யார் பார்ப்பது என்றும் கேட்டார்கள். முருகனும் ஒருநாள், நடக்கிறாயே, போதாதா என்றார். யாருக்குப் போதும் என்று கேட்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

"குந்து, போலாம். நேரமாய்ட்டுது," என்றார்.

கால் தேறியதும், படவேடு பக்கத்தில் ஒரு போட்டிக்கு உள்ளூர் அணி என்னைச் சேர்த்துக்கொண்டது. முதல் ரைடிலேயே எதிரணியின் கண் என் முழங்கால் உறையில் விழுந்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் பாய்ந்திருப்பேன். ஒருத்தி இடது முழங்காலைக் கட்டிப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். நடுக்கோட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் மூச்சு முடிந்தது. நடுவர் அவுட் என்றார்.

மண்ணில் கிடந்தபடியே காலை நீட்டிப் பார்த்தேன். நார் தாங்கியிருந்தது. முருகன் ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. புடிச்சிட்டாளுங்க, அவ்ளோதான்."

சிரித்துவிட்டேன். எங்கள் அணி எதிரணியில் ஒருத்தியை வெளியேற்றியதும் மறுபடி உள்ளே போனேன். மறுபடி பாடினேன்.

இடது தொடை இன்னும் வலதைவிட மெலிவுதான். ஆண்டின் பெரும்பகுதி எந்த அணியாவது கூப்பிடுமா என்று காத்திருந்தே முன்பெல்லாம் கழிந்தது. இப்போது யாருக்கு அடிபடும் என்று நான் காத்திருக்கவில்லை. காலையில் எழுந்ததும் முழங்காலை மடக்கிப் பார்க்கிறேன். மடங்கினால், அன்றைக்கு ஆட்டம் உண்டு.